ஏழு

முதலில் நண்டுக்குத்தான் வந்தது.
சந்தியாகு இறக்கிய பெட்டி ஏழு கிலோ,
ஒரு தடவைதான் தட்டினேன்.
திரையில்
எழுபத்தேழாயிரத்து எழுநூற்று எழுபத்தேழு.
பாக் நீரிணையை வடிகட்டி எடுத்தாலும்
அவ்வளவு நண்டு தேறாது.

அழித்தேன். மறுபடி ஏழு.
கைகளை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தேன்.
யாரும் தொடாமலே வந்தார்கள்
கரைவலை இழுக்கிற ஆட்கள் மாதிரி
முதுகைச் சாய்த்து
ஒருவர் பின் ஒருவராக, திரை கொள்ளாமல்.

வைரஸ் என்றேன்.
சொன்ன பிறகு எல்லாமே அதுவாகத் தெரிந்தது:
ஃபேன் இரைச்சல்,
நாலு நிமிடம் பிந்திய கடிகாரம்,
எப்போதும் மூலையில் இருந்து
இன்றுதான் கண்ணில் பட்ட பச்சைப் புள்ளி.
மஸ்கட்டிலிருந்து கொழுந்தன் போனில் சொன்னான்:
நெட் வயரைப் பிடுங்கு மதினி,
யார் பென் டிரைவ் போட்டது
முதல்ல அதைச் சொல்லு.

யார் போட்டது.
சுவருக்கு அந்தப்பக்கத்து ரிஸ்மியா,
செவ்வாய்க்கிழமை, ஹால் டிக்கெட் எடுக்க வந்தவள்.
மை தீர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வா என்றிருந்தேன்.
நீல மூடி, கழுத்துக் கயிற்றில்
தாயத்து மாதிரி தொங்கும்.
போதாதா.

மீன் கழுவிக்கொண்டிருந்த அவள் உம்மாவிடம்
குரல் உயர்த்தாமல்தான் சொன்னேன்:
கண்டதையும் கொண்டுவந்து
சொருக வேண்டாமுன்னு சொல்லுங்க.
கையிலிருந்த பாறையைத் திருப்பிப் போட்டு
அந்தப் பக்கத்துச் செதிலையும் சுரண்டினார்.
பதில் இல்லை.
கிண்ணங்கள் சுவர் தாண்டுவது அன்றோடு நின்றது.

ராத்திரி முழுக்க ஸ்கேன்.
எமரிட் கடலில்.
தங்கச்சிமடம் தூங்கிவிட்டது, கச்சான் மட்டும்
கதவைக் கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
மூன்று லட்சத்துச் சொச்சம் கோப்புகள்
ஒவ்வொன்றாகத் திரையில் ஓட
ஜன்னல் கம்பியில் பூத்திருந்ததை
நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.
மூன்றரைக்கு முடிவு:
அச்சுறுத்தல் எதுவும் இல்லை.
ஸ்கேனுக்கே பிடிபடாததுதான் பெரிய வைரஸ்
என்றான் கொழுந்தன்.
ஃபார்மேட் பண்ணிரு.

டி டிரைவில் மூன்று வருஷ நண்டுக் கணக்கு,
படகு இன்சூரன்ஸ்,
சின்னவன் ஞானஸ்நானத்தில் வாயைப் பிளந்து அழுத படம்.
எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது.
சம்மதமென்றால் டிரைவின் பெயரை அடி என்றது.
அடித்தேன்.
கணக்கு77777.
பெயர் தப்பு,
முடியாது என்றது.

வந்த ஆத்திரத்தில்
கீபோர்டை வயரோடு பிடுங்கினேன்.
ஏழுகள் நின்றன.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கவிழ்த்துத் தட்டினேன்.
முறுக்குத் துணுக்கு, என் முடி, ஒரு மீன் செதில்.
கத்தி முனையால் ஏழை மட்டும் நெம்பி எடுத்தேன்.
அடியில் வெள்ளையாக
பொடிப் பொடிச் சதுரமாக
உப்பு.
ஜன்னலைத் திறந்துவைத்தே பழகிய வீடு.
கடலுக்கு எதற்கு பென் டிரைவ்.

எமரிட்டின் ஷேவிங் லோஷனைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன்.
நண்டு, ஏழு கிலோ.
நின்றது ஏழிலேயே.

விடிந்ததும் சுவரோரம் போனேன்.
ரிஸ்மியா, பிரிண்டர்ல மை போட்டாச்சு, வர்றியா?
எடுத்துட்டேன் அக்கா, ராமேஸ்வரத்துல.
பத்து ரூபாதான்.
பஸ் காசை அவள் சொல்லவில்லை.
கழுத்தில் கயிறு இல்லை.
உம்மா அண்டாவைக் கவிழ்த்து
ஏற்கெனவே சுத்தமான அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியத்தில்
ஒரு சொல்தான் வந்தது.
உப்பு, என்றேன்.
உப்புதான்...
கச்சான் மிச்சத்தை அடித்துக்கொண்டு போயிற்று.

உம்மா நிமிர்ந்தார். உள்ளே போனார்.
ஒரு கிண்ணம் நிறையக் கல்லுப்பு,
சுவர்மேல் வைத்தார்.
என் வீட்டில் ஒரு மூட்டை இருக்கிறது.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.