ஏழாவது ஷரத்து

பத்து மாத அட்வான்ஸ்.
காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாதம் கழிக்கப்படும்.
ஆணி அடிக்கக் கூடாது என்பதற்கும்
இரவு பத்துக்கு மேல் மோட்டார் கூடாது என்பதற்கும் நடுவே
என் கையெழுத்தில் இருக்கும் அது.

பெரம்பூரில்
ரயில்வே பட்டறைச் சங்கு கேட்கிற தூரத்தில்
மூன்று போர்ஷன் எனக்கு.
கீழ் போர்ஷனின் ஜன்னல் கட்டை
ரெண்டரை வயதுப் பிள்ளையின் வாய் உயரம்.
வீடு கட்டி முப்பத்தோரு வருடம்.
அந்த உயரத்தை அளந்ததில்லை.

ஹெப்சிபா மாடியேறி வந்தாள், கையில் ஒரு தாள்.
வாடகைத் தேதி இல்லை.
குழாய் ரிப்பேர் என்றுதான் நினைத்தேன்.
"ஜோயல் ரத்தத்துல ஈயம் இருக்காம் சார்.
இருபத்தெட்டு.
அஞ்சு இருந்தாலே அதிகமாம்.
ஜன்னலை நக்குறான். இனிக்குதுங்கறான்."

சிரித்தேன்.
இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை, சிரித்தேன்.
ஈயச் சொம்பில் ரசம் வைத்த வீடம்மா எங்களுடையது,
யார் செத்துப்போனோம்?
"அது வெள்ளீயம் சார்.
இது காரீயம்."
தாளை நீட்டியபடியே நின்றாள்.

வார்டு ஆபீசில் விசாரித்தேன்,
வாடகை வீட்டுப் பெயிண்டுக்கு ஏதாவது விதி உண்டா என்று.
சொத்து வரி பாக்கி இருக்கா என்றார்கள்.
இல்லை என்றேன்.
அப்புறம் என்ன சார், என்றார்கள்.

கஜா உப்புத்தாளோடு வந்தான்.
அதை உள்ளே வை என்றேன்.
தண்ணீர் தெளி, ஈரத்தோடு சுரண்டு,
தரையில் பிளாஸ்டிக் விரி, மூக்கைக் கட்டு,
தூசி எழும்பக் கூடாது.
ஜோயல் அயனாவரத்தில், சித்தி வீட்டில், நாலு நாள்.
"பதினெட்டு வருஷமா
வறட்டுத் தேய்ப்புதான் சார் தேய்ச்சிருக்கேன்.
அப்பல்லாம் யாரும் எதுவும் சொல்லலையே."
அவன் இருமல் எனக்குப் பழகிய சத்தம்.
கூலியை மட்டும் கூட்டிக் கொடுத்தேன்.

முதலில் சந்தனம் உரிந்தது.
குல்சார் பானு காலி செய்த வருடம்.
அடியில் ஆகாய நீலம்:
எத்திராஜுலு, தபால் ஆபீஸ்.
அதற்கும் அடியில், பல்லைப் போல் இறுகி,
பச்சை.
தேவசகாயம் பட்டறையிலிருந்து டப்பா கொண்டுவந்து
ஞாயிற்றுக்கிழமை அவரே அடித்த பச்சை.
அவரிடமும் ஒரு மாதம் கழித்தேன்.
ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கோட்டிங்தான்.
சுரண்டும் கூலி மிச்சம்.

உரித்ததெல்லாம் கட்டினால் ரெண்டு கிலோ தேறியது.
கஜா பையைத் தூக்கிப் பார்த்து,
"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று
தெரு வியாபாரி குரலில் கூவினான்.
ஹெப்சிபா வாசலில் நின்றிருந்தாள்.
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பழைய ஒப்பந்தங்கள் பீரோவில் கிடந்தன.
பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை.
தேவசகாயம் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாம்.
எத்திராஜுலு எடுத்தார்.
"அட்வான்ஸ் பாக்கியா சார்?"
பதினாலு வருடம் கழித்தும்
அந்தக் குரலில் ஒரு துளி நம்பிக்கை.
இல்லை, ஜன்னல், என்றேன்.
நீலம், பச்சை, ஈயம், என்னென்னவோ சொன்னேன்.
பையன் எப்படி இருக்கிறான் என்று கடைசியில் கேட்டேன்.
கொஞ்ச நேரம் அவர் வீட்டு டிவி மட்டும் பேசியது.
"கணக்கு ஏறலைன்னு
அந்த ஜன்னலாண்டதான் சார்
நிக்க வெச்சு அடிப்பேன்."

அன்றிரவு ஏழாவது ஷரத்தை அடித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று
இன்னும் பிடிபடவில்லை.
எண் ஏழு மட்டும் ஒரு புள்ளியோடு நிற்கிறது.

பெயிண்ட் கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எறும்பு எழுத்து.
கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்:
ஈயம் தொண்ணூறு பிபிஎம்முக்குள்.
வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை,
மழை விடட்டும் என்று.

ஜோயல் திரும்பி வந்தான்.
நேராக ஜன்னலுக்குப் போனான்.
கழுவித் துடைத்த வெறும் மரம்.
ஒரு முறை நக்கிப் பார்த்தான்.
பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்,
கொடுத்த காசைத் திருப்பித் தராதவனைப்
பார்ப்பதுபோல.