பந்தி வஞ்சனை

யோயன்சுவில் ஜனவரி.
ஷெட்டுக்குள் மைனஸ் ஒன்பது,
வெளியே எவ்வளவென்று கேட்காதீர்கள்.
மண்ணெண்ணெய் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
துலிக்கி எஞ்சினை வைகிறாள்.

துலி என்றால் அவர்கள் மொழியில் காற்று.
பெயர் வைத்தவர்கள்
டர்போவை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு கோடை, இரண்டு பிஸ்டன்.
இரண்டும் நான்காவது சிலிண்டரில்.
பெட்ரோல் சரியில்லை என்றான் ஒருவன்.
டியூனிங் சரியில்லை என்றான் இன்னொருவன்.
பெண் ஓட்டினால், என்று தொடங்கிய மூன்றாமவன்
முடிக்கவில்லை.
ஸ்பானர் அவள் கையில் இருந்தது.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தபோது
மூன்று பழுப்பு.
நான்காவது சுண்ணாம்பு.

ஒரு முனையில் நுழைகிறது காற்று,
டர்போ கழுத்தைப் பிடித்துத் தள்ளிய காற்று.
வாசலை ஒட்டிய முதல் இலையைக்
கண்டும் காணாமல் தாண்டி
இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம்,
கடைசிச் சுவரில் முட்டிக்கொண்டதும்
வாளியோடு கவிழ்த்துவிடுகிறது.
கம்பெனியில் வார்த்த மேனிஃபோல்டுக்குள்ளேயே
பந்தி வஞ்சனை.

வேடிக்கை என்னவென்றால்
அரைவயிறு உண்டவை பிழைத்துக்கொண்டன.
மிகுதியாகக் கிடைத்ததுதான் வெந்து செத்தது.
அத்தனை காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை
யாரும் அதன் இலையில் கூட்டி வைக்கவில்லை.

ரைமோ மீன்பிடிப் படகு கட்டுகிறவன்.
'தண்ணீர் உள்ளே வராமல் வெல்டிங் வைப்பேன்,
காற்று வெளியே போகாமல் வைப்பதா பெரிது?'
மூன்று வாரம் எடுத்துக்கொண்டான்.
கூலி: நான்கு குளிர்கால டயர்,
முதல் ஓட்டத்தில் பக்கத்து சீட்டு.

வந்தது வயிறு பெருத்த ஓர் அலுமினியப் பெட்டி.
தையல் நெடுக மீன்செதில்.
உள்ளே எட்டிப் பார்த்தால்
நான்கு ஊமத்தம் பூக்கள் வாய் விரித்திருந்தன.
நான்குக்கும் ஒரே அளவு வாய்,
ஒரே நீளக் காம்பு.

பழையதைக் கழற்ற ஒரு சனிக்கிழமை போதவில்லை.
கீழ் வரிசை நட்டுகளை
விரலால்தான் பார்க்க வேண்டும்.
விரலோ எப்போதோ மரத்துவிட்டது.
கேஸ்கெட்டைச் சுரண்டும்போது
தூசி உள்ளே விழாமலிருக்க
நான்கு துளைகளிலும் காலுறை திணித்தாள்,
விட்டுப்போன யோர்மா விட்டுப்போன கம்பளிக் காலுறை,
இரண்டு ஜோடி.

இரவு ஒன்றேகால்.
டார்க் ரென்ச்சில் கடைசி நட்டு 'டிக்' என்றது.
மேசையில் காலுறை மூன்று.

அவள் வைதது இங்கே எழுதத் தக்கதல்ல.
எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள்.
டார்ச் அடித்தாள்.
நான்கு துளைகளிலும் வால்வுகள்
அவளைத் திருப்பிப் பார்த்தன. வேறொன்றுமில்லை.
நான்காவது காலுறை
பிளாஸ்க்கைச் சுற்றியிருந்தது.
காப்பி இன்னும் சூடாக இருந்தது.
யோர்மாவால் விளைந்த ஒரே நன்மை என்று
குடித்துவிட்டுப்
புதுக் கேஸ்கெட்டின் உறையைக் கிழித்தாள்.

சோப்பு நுரை பூசி அழுத்திப் பார்த்ததில்
தையலில் ஒரு குமிழி கூட இல்லை.
குமிழி விட்டது அவள் போட்ட ஹோஸ் கிளாம்ப்.
ரைமோவிடம் அதைச் சொல்லவில்லை.

மார்ச். உறைந்த ஏரிமேல் பந்தயத் தடம்.
தொடக்கத்தில் வண்டி சோம்பியது,
பெரிய வயிறு நிறைய நேரம் பிடிக்குமே.
பழையது இந்த இடத்தில்
துள்ளியிருக்கும். உண்மை.
நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது முள்.
பிறகு பனித்தூள்தான்,
கண்ணாடி முழுக்கப் பனித்தூள்.

அந்த ஊரில் ஆமாம் என்பதை
மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள்.
மூன்று சுற்று வாய் திறக்காத ரைமோ
நான்காவதில் இழுத்தான்: 'யோ.'

எஞ்சின் ஆறியபின்
பிளக்குகளைப் பனியில் பரப்பினாள்.
பால் தாராளமாக விட்ட காப்பி நிறம்.

'எது நான்காவது?' என்றான்.
குனிந்து பார்த்தாள்.
கழற்றும்போது குறித்துக்கொள்ள மறந்திருந்தாள்.