மூன்று மாதத்துக்கு ஒருமுறை

செருப்பைக் கழற்றுமுன்னே
"தோங்கை அடைச்சிட்டேன்" என்றாள் தவமணி.
பகாவில் சனிக்கிழமை, மணி ஒன்பது.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
தாமான் முனையில் திரும்பும்போது
இரண்டு பழத்தை உதிர்த்துவிட்டுப் போனது.

கையெழுத்துப் போட்டுப் பிரிந்து நான்கு வருடம்.
வீடு அவளுக்கு, வேன் எனக்கு.
சிரம்பான் கோர்ட்டில் கொடுத்த தாளில்
காஸ் அடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
அதனால் வருகிறேன்.

ஆலையில் பாய்லர் என் பொறுப்பு.
அங்கே தடித்த நோட்டு ஒன்று உண்டு.
மணிக்கொரு தரம் அழுத்தம் எழுதி
பக்கத்தில் கையொப்பம் வைக்க வேண்டும்.
இங்கே கேட்பாரில்லை.
ரெகுலேட்டரின் முதுகில் ஒட்டிய வெள்ளை டேப்பில்
பழைய தேதியை அடித்துப்
புதிய தேதி எழுதுவேன், அவ்வளவுதான்.

இரும்புத் தாங்கியைத் தூக்கினால்
அவளுடைய மூன்று மாதம் அடியில் கிடக்கும்.
பால் பொங்கிய இடம்,
சம்பால் தெறித்த இடம்,
கருகிய கடுகு நாலைந்து.
எல்லாம் சின்ன பர்னரின் பக்கம்தான்.
பெரிய பர்னர் துடைத்து வைத்தபடி இருக்கும்.
போன தடவை அதன் தொண்டைக்குள்
சிலந்தி ஒன்று வலை கட்டிக்
குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை சிலந்தி இல்லை.
பெரிய பர்னரைச் சுற்றி
ஆட்டுக்கறிக் கொழுப்பு, வெள்ளையாய் உறைந்து,
ஒரு நாள் சமையல் அல்ல,
படிந்து படிந்து.
துளைகள் பாதி அடைத்துக் கிடந்தன.

யாருக்கு என்று கேட்கவில்லை.
ஊசி கேட்டேன்.

ஒவ்வொரு துளையாகக் குத்தினேன்.
இருபத்தெட்டு.
வெந்நீரில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷால் தேய்த்து,
வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.
ஆலையில்கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"தீ மஞ்சளா எரியுது, சட்டியெல்லாம் கரி."
"காத்துப் போதல" என்றேன்.
"அடுப்புக்கு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.
அவள் சிங்க்கில் எதையோ கழுவினாள்.

சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவி
தோங்கைத் திறந்தேன்.
கிளிப் கடிக்கும் இடத்தில் ஒரு குமிழி
மெதுவாய்ப் பெருத்து, என்னைப் பார்த்து, உடைந்தது.
மறுபடி ஒன்று.

"வாடை வரலியா?"
"வந்துச்சு. பக்கத்து வீட்டுல
டுரியான் வாங்கியிருக்காங்கன்னு நெனச்சேன்."
இருவரும் சிரித்துவிட்டோம்.
பிறகு ஜன்னலைத் திறக்கிற சாக்கில்
அவள் திரும்பிக்கொண்டாள்.

புதுக் குழாய் வேனிலேயே இருந்தது,
ஆ ஹோய் கடையில் பதினாலு வெள்ளி.
மாட்டி, முறுக்கி, மறுபடி நுரை தடவினேன்.
குமிழி இல்லை.

பெரிய பர்னரை அவளே பற்றவைத்தாள்.
நீலம். ஒரே உயரம்.
ஒரு பல்கூடத் தப்பாத நீலம்.
கெண்டியை ஏற்றிவிட்டு
"பசியாறிட்டியா?" என்றாள்.
ஆச்சு என்றேன்.
ஆகவில்லை.

தேதி எழுதப் போனால் டேப்பில் இடமில்லை.
உரித்தேன். வேறு டேப் கொண்டுவரவில்லை.
"இருக்கட்டும்" என்றாள்,
எதை என்று சொல்லாமல்.

ரயில் கேட்டில் காத்திருந்தபோதுதான் பார்த்தேன்,
கட்டைவிரலில் ஒட்டியிருந்தது டேப்,
பதினாறு தேதியும் அடிக்கப்பட்டு,
கடைசி ஒன்றைத் தவிர.

அந்தக் குழாய் மூன்று வருடம் தாங்கும்.
சொல்ல மறந்துவிட்டேன்.