இடது பின்விளக்கு

நான் வாங்கியபோது
பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஹம்பர்,
பரமக்குடி அரிசி மில் கொட்டகையில்,
நாலு டயரும் மண்ணுக்குள்.
விலை பேசி முடித்த பிறகும்
குஞ்சு பொரிக்கிறவரை பொறுக்கச் சொன்னார்கள்.
பதினோரு நாள் பொறுத்தேன்.

கீழக்கரைக் காற்றுக்குக் கதவு ஒரு பொருட்டில்லை.
உப்பு சாவித் துவாரத்தில் நுழையும்,
பெயின்ட்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.
மண்டபத்தில் லாஞ்சு இன்ஜின் பார்க்கிற வேதமாணிக்கம்
கதவின் அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டினான்,
சுத்தியல் உள்ளே போய்விட்டது.
"அண்ணே, இது கடலுக்குப் போகாத வண்டி.
ஆனா கடல் இதுக்குள்ள போயிருச்சு."

விலைக்கு வரும் நல்ல தண்ணீரில்
நாலு குடம் காருக்கு.
ஜொஹரா கணக்கு நோட்டில்
அதைத் தனியாக எழுதுகிறாள்.
தலைப்பு: இளையாள்.

கார்புரேட்டர் ஊசி கோயம்புத்தூரில் கிடைத்தது.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி துபாயிலிருந்து
மச்சினன் பெட்டியில் வந்தது,
பேரீச்சம்பழத்துக்கும் தைலத்துக்கும் நடுவே.
ஸ்பீடோமீட்டர் என்ன செய்தாலும் நாற்பது,
நிறுத்தி வைத்தாலும் நாற்பது.
அது இருந்துவிட்டுப் போகட்டும்.
இடது பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடிதான்
எங்கேயும் இல்லை.

இருக்கிறது. மன்னாரில்.

லெம்பேட்டிடம் இருப்பதும் இதே வண்டி,
சேஸிஸ் எண்ணில் ஏழுதான் வித்தியாசம்.
சண்டைக் காலத்தில் பனையோலை போட்டு மூடி
மேலே விறகு அடுக்கிக் காப்பாற்றினாராம்.
அவருக்கு இல்லாதது
வலது ஹெட்லைட்டின் குரோம் வளையம்.
என்னுடையதில் அது பளபளவென்று இருக்கிறது.
நான் விலைக்குக் கேட்டேன். அவரும் கேட்டார்.
"மாத்திக்கிட்டா என்ன?" என்றான் வேதமாணிக்கம்.
மாற்றினால் அவர் ஓட்டை எனக்கு வரும்,
என் ஓட்டை அவருக்குப் போகும்.

ஆகவே வெள்ளிக்கிழமைகளில்
ஜும்மா முடிந்ததும் பேசிக்கொள்கிறோம்.
"சுகமா இருக்கிறீரோ?"
"இருக்கேன். உங்களுக்குச் சீனி எவ்வளவு?"
"நூற்றி அறுபது."
"பார்த்து இருங்க" என்கிறேன்.
அக்கறையாகத்தான் சொல்கிறேன்.
அக்கறை மட்டும்தானா என்று
அடுப்படியிலிருந்து ஒரு குரல் வருகிறது.

அவர் பிள்ளைகள் கனடாவில்,
காரை இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.
என் மகனும் அப்படித்தான் என்பது
அவருக்கும் தெரியும்.

ஆடியில் கிணற்றடியில் விழுந்து
காலை உடைத்துக்கொண்டார்.
மூன்று வெள்ளி போனை எடுக்கவில்லை.
கண்ணாடியைப் பற்றி நினைத்தேனா?
நினைத்தேன்.
நினைத்த அன்று ராத்திரி
சோறு இறங்கவில்லை.
நான்காவது வெள்ளி அவரே கூப்பிட்டார்.
"வளையம் பத்திரமா இருக்கோ?"

நேற்று முதல்முறையாக
பாம்பன் பாலம் தாண்டினேன்.
குறுக்கே அடித்த காற்றில் ஸ்டியரிங் இழுத்தது,
பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் கையாட்டின.
அரிச்சல்முனையில் நிறுத்தியதும்
போன் என்னை இலங்கைக்கு வரவேற்றது.
பானட்டைத் திறந்து, அவரைக் கூப்பிட்டு,
போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தேன்.
இரண்டு பக்கமும் இரைச்சல், இரண்டு கடல்,
நடுவில் ஆறு சிலிண்டர்.
கை சுட்டது. எடுக்கவில்லை.
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"மூண்டாவது டப்பெட் தளர்ந்து கிடக்கு.
இறுக்கிப்போட்டு ஓட்டும்."
வேதமாணிக்கம் திருகிப் பார்த்தான்.
மூன்றாவதுதான்.

திரும்பும்போது பாம்பனில் இருட்டிவிட்டது.
கைகாட்டி நிறுத்திய கான்ஸ்டபிள்
டார்ச்சோடு பின்னால் சுற்றி வந்தார்.
"லெஃப்ட் சைடு லைட் எங்க?"
"மன்னார்ல இருக்கு சார்."
கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"எப்ப வரும்?"
"அவசரமில்ல சார்," என்றேன்.
"ரொம்ப நாள் ஆகட்டும்."