ப்ரூயிட் வீடு

ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன்.
ரீனோவில் இருக்கும் தங்கைக்கு: வாடகை.
டாக்டருக்கு: தூக்கம்.
தபால் நிலையத்து வைடாவிடம்
வானம் என்று சொல்லிவிட்டேன்.
அவள் அண்ணாந்து பார்த்தாள்,
கூரை எங்கே ஒழுகுகிறது என்று தேடுபவளைப் போல.

உண்மை வேறு.
பள்ளிக்கூடத்தில் ஐந்து பிள்ளைகள்.
ஆறு இருந்தால்தான் ஆசிரியைக்குச் சம்பளம் வரும்.
என்னிடம் ஒரு பிள்ளை இருந்தது, மாரென், வயது எட்டு.
பதினோரு வருடம் கேசினோவில் சீட்டு போட்டவள் நான்.
அடுத்தவர் கூட்டி முடிக்கும் இருபத்தொன்றை
நின்றுகொண்டே பார்த்தவள்.
யாருடைய கணக்கிலும்
குறைகிற அந்த ஒன்றாக நான் இருந்ததில்லை.
இங்கே ஒன்று குறைந்தது.
வண்டியில் பாதிச் சாமான்தான் ஏறியது. கிளம்பிவிட்டோம்.

முதல் சிக்னல் விளக்குக்கு நூற்று நாற்பது மைல்.
ஊருக்குள் நுழைகையில்
மாடு தாண்டாமலிருக்கப் பதித்த இரும்புக் குழாய்கள்
பல்லைக் கிடுகிடுக்க வைக்கும். அதுதான் வரவேற்பு.
ஒரே ஒரு பெட்ரோல் பம்ப், ஆள் கிடையாது.
கயிற்றில் கட்டிய நோட்டு, கடித்த பென்சில்.
எத்தனை கேலன் என்று நீயே எழுதிக்கொள்.
முதல் நாள் பழக்கத்தில்
தலைக்கு மேலே கேமராவைத் தேடினேன்.
ஆந்தை இருந்தது.

எதிரே வரும் வண்டிக்காரர்
ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவார்.
பதிலுக்கு நான் முழுக் கையையும் வீசுவேன்,
ரயிலேற்றிவிட வந்தவளைப் போல.
மூன்று மாதம் யாரும் திருத்தவில்லை.
பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன்.
காற்று ஓயாது. முட்டை வாங்க ஒரு பகல் போகும்.
நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பது
தபால் பைக்குத் தெரியும்,
பைக்குத் தெரிந்தால் வைடாவுக்கு,
அப்புறம் மாடுகள் மட்டும்தான் பாக்கி.
குடியிருக்கும் வீட்டுக்குக்கூட என் பெயரில்லை.
ப்ரூயிட் வீடு.
ப்ரூயிட் போய் முப்பத்தொரு வருடம்,
நடுவில் இரண்டு குடும்பம் இருந்து போயிற்று.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு,
லொரெய்ன் கொயனேச்சே கதவைத் தட்டினாள்.
மணிக்கட்டில் மாவுக்கட்டு.
புருஷன் கை மண்வெட்டி அகலம்.
"கையைக் காட்டு" என்றாள்.
ரேகை பார்ப்பவளைப் போலத் திருப்பி
அளவு பார்த்தாள்.
"வா."

தலையீற்றுக் கிடாரி.
வைக்கோலில் மல்லாந்த விளக்கு.
மாரென் பிக்கப்பின் முன்சீட்டில்
மூன்று கோட்டுக்கடியில் தூங்கினாள்.
தோள்வரை சோப்பு பூசி உள்ளே விட்டேன்.
அத்தனை சூட்டை என் கை அறிந்ததேயில்லை.
ஒரு குளம்பு இருந்தது. மூக்கு இருந்தது.
இன்னொரு கால் முட்டியில் மடங்கிப் பின்னால் போயிருந்தது.
பாராமலே சீட்டின் ஓரம் பிரித்த விரல்கள்
அந்த முட்டியைத் தேடிப் பிடித்தன,
குளம்பை உள்ளங்கையில் மூடிக்
கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவந்தன.
வலி வந்தபோதெல்லாம் என் எலும்பு நொறுங்குவதாக
அவளைவிட நான் அதிகம் கத்தினேன்.

கன்று விழுந்தது, ஆவி பறக்க.
லொரெய்ன் அதன் மூக்கில் வைக்கோல் விட்டுக் குடைந்தாள்.
தும்மியது.
"மணி நாலு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள்.
நன்றி என்ற சொல் அந்தக் கொட்டகைப் பக்கம் வரவில்லை.
வியாழக்கிழமை என் வண்டி சீட்டில்
ஒரு ஜோடித் தோல் கையுறை கிடந்தது,
பையன்கள் போடும் அளவு.
எனக்குச் சரியாக இருந்தது.

ஜூலையில் மழையில்லாத மின்னல்.
மேட்டில் புகையைப் பார்த்ததும்
வாக்கிடாக்கியை அமுக்கினேன்.
எங்கே, என்றது ஒரு குரல்.
ப்ரூயிட் வீட்டுக்கு மேற்கே, என்றேன்,
என் சமையலறையில் நின்றுகொண்டு.

ஒன்பது வண்டி வந்தது.
யாரும் வழி கேட்கவில்லை.