அடை என்று நினைத்தேன்

ஐப்பசி மழையில் இரண்டு நாளாய்
கூட்டின் மூலையை விட்டு நகரவில்லை
கழுத்தறுத்தான் பெட்டை.
சிறகை உப்பிக்கொண்டு, கண் பாதி மூடி,
குருணை போட்டாலும் திரும்பிப் பாராமல்.

அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்றேன்.
முட்டையில்லாத அடை வீண் அடை.
தெளிய வைக்க எனக்குத் தெரிந்த வைத்தியம்
வாளித் தண்ணீரில் ஒரு முக்கு.
முக்கினேன்.
மறுநாளும் முக்கினேன்.

அடைக்கோழி என்றால்
கை போகும் முன்னே கர்ரென்று உறுமும்,
வால் விரித்துக் கொத்தும்.
இதுவோ வயிற்றுக்கடியில் கை விட்டபோதும்
சும்மா இருந்தது.
எவ்வளவு சாதுவாகிவிட்டது பார் என்று
மெகருன்னிசாவிடம் பெருமையாகச் சொன்னேன்.
அவள் குனிந்து பார்த்தாள்.
"சாது இல்லடி. வலி."

வெளியே எடுத்து விட்டோம்.
இடுப்புக் குடத்தோடு சேற்றில் நடப்பவள்போல்
கால் அகட்டி மூன்றடி. நின்றது.
ஒவ்வொரு மூச்சுக்கும்
வாலும் கூடவே ஏறி இறங்கியது.
மிளகாய்ப்பழமாய் இருந்த கழுத்து
நாற்றங்கால் நீரில் ஊறிய விரல்நுனிபோல்
வெளுத்துக் கிடந்தது.
எப்போதிருந்து? தெரியாது.
தினம் பார்த்த கழுத்துதான்.

குப்பைமேட்டிலிருந்து மற்ற கோழிகள்
நிமிர்ந்து பார்த்தன.
உடனே இது, நம்பமாட்டீர்கள்,
வாலைத் தூக்கிக்கொண்டு
வெறுந்தரையை இரண்டு முறை கொத்தியது.
அலகில் ஒன்றுமில்லை.
தின்பதாகக் காட்டியது.

வயிற்றை இரண்டு விரலால் தடவி
"முட்டை அடைச்சு நிக்குது" என்றாள் மெகருன்னிசா.
அதே நீல வாளி.
இந்தமுறை கை பொறுக்கும் வெந்நீர்.
அதில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
குடமுருட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்று
பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல.
என் கைக்குள் அதன் நெஞ்சு
தையல் மெஷின்போல் ஓடியது.

விடியும் முன் ஒரு தோல்முட்டை விழுந்தது,
ஓடில்லாமல், கசங்கி.

ஐந்தாம் நாள் குருணையோடு கை நீட்டினேன்.
கொத்தியது.
கட்டைவிரல் மடிப்பில், ஆழமாக.
அப்பாடா.

மழை விட்டதும் களைக்குப் போனேன்.
சேறு பட்டு விரல் விண்ணென்று தெறித்தது.
"என்னடி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"
பக்கத்து வரிசையிலிருந்து அகிலாண்டம்.
ஒண்ணுமில்லையே என்று
குனிந்து
இரண்டு புல்லைப் பிடுங்கினேன்.