நாலு விரற்கடை

ஏழு வண்டில். எங்களது ஐந்தாவது.
ஆறாவதைத் திரும்பிப் பார்க்கக்கூடாதென்று
கரவெட்டியில் ஏறும்போதே
கழுத்துக்குச் சொல்லிவைத்தேன்.

ஆறாவதில் தையல்முத்து,
இவருடைய பெரியையா மகன் வல்லிபுரத்தின் பெண்சாதி.
பதினொரு வருசம் கதையில்லை.
கதியாலை எங்கள் பக்கம் தள்ளி நட்டார்கள்,
நாலு விரற்கடை.
அந்த நாலுக்குள் ஒரு பனை அகப்பட்டது.
வேலிக் கோடு பருத்தித்துறைக் கோட்டுக்குப் போனது.
எங்களுக்குத் தவணை, அவர்களுக்கும் தவணை.
பிறக்கிராசிமார் இரண்டு பேரும்
அந்த ஒற்றைப் பனையில்
ஆளுக்கொரு கல்வீடு கட்டினார்கள்.
பழம் மட்டும் தவணை கேளாமல் விழுந்து
இரண்டு பக்கமும் பொறுக்க ஆளின்றி அழுகிற்று.

பிறகு கச்சேரியில் சீட்டுக் குலுக்கினார்கள்.
இரணைமடுத் தண்ணி பாயப்போகிற காடு;
வெட்டினால் உனக்கு.
இவருக்கு முப்பத்தொன்று.
வல்லிபுரத்துக்கு முப்பத்திரண்டு.
துரைமாருக்கும் எங்கள் வழக்குத் தெரிந்திருக்க வேணும்.

கொடிகாமத்தில் ரயில் கடந்தது.
"மாட்டுக்கும் கலப்பைக்கும் ஆர் ரிக்கற் எடுக்கிறது?"
முன்வண்டில் மாப்பாணர் துப்பினார்.
நாளைக்கு நாங்கள் போய்ச் சேரும் இடத்தில்
அது இப்பவே நின்று கூவியது.

வண்டிலுக்குள் விதைநெல், ஒடியல்,
மூன்று கோடரி, கொயினாப் போத்தல்,
ஒரு குடம் நல்ல தண்ணி,
சாக்கில் சுற்றிய கிளுவங்கதியால் அறுபது.
"காட்டுக்குப் போறவளுக்குக் கதியாலோ?" என்றார் இவர்.
காட்டுத்தடி துளிர்க்குமோ செத்துப்போமோ, ஆர் கண்டது.
இறங்கின அன்றைக்கே
முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே
நான் நட வேணும்.
சாக்குக் காயக் காயத் தெளித்தேன்.

பளைக்கு இங்கால் ஒரு கிடங்கில் சில்லு இறங்க
ஆறாவதில் ஏதோ உடைந்தது.
மண்குடம் எப்படி உடையும் என்று தெரிந்தவளுக்குத்
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

இயக்கச்சியில் கிணறு இருந்தது. உவர்.
மாடுகூட மூக்கை எடுத்துக்கொண்டது.
பின்னால் பிள்ளை அழுவது கேட்டது.
பிறகு
அழாதது கேட்டது.

ஆனையிறவில் மாடு ஆற நிறுத்தினோம்.
இரண்டு பக்கமும் தண்ணி,
ஒரு மிடறு குடிக்க ஏலாத தண்ணி.
நிலவு உப்பில் விழுந்து கண்ணைக் கரித்தது.
அங்கால் கறுப்பாய்க் காடு;
காய்ச்சல் அங்கேதான் குடியிருக்கிறது என்று
வீட்டில் ஒப்பாரி வைக்காத குறை.
குடத்தை ஆட்டிப் பார்த்தேன்.
அரைவாசி.
சாக்கையும் பார்த்தேன்.

பதினொரு வருசம்
பத்து எட்டுத் தூரம்தான்.

பொடியனின் உதடு வெடித்திருந்தது.
தையல்முத்து என் முகத்தைப் பாராமல்
சிரட்டையை நீட்டினாள்.
ஊற்றினேன். ஒன்று. இரண்டு.
முதல் சொல்லை அவள்தான் சொன்னாள்:
"காணும்."

காணாதென்று எனக்குத் தெரியும்.
இன்னும் ஊற்றினேன்.

அப்போதுதான் கண்டேன்.
அவள் காலடியில் ஒரு சாக்கு,
ஒரு மூலையில் ஈரம் விட்டுப்போகாமல்.
உள்ளே கிளுவை.
என்னுடையதைவிடக் கொஞ்சம் தடிப்பு.
நான் கண்டதை அவளும் கண்டாள்.
சிரித்தோம் என்று சொன்னால் பொய்.
சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடினாள், அவ்வளவுதான்.

பரந்தன் வர விடிந்தது.
என் கதியாலில் பட்டை சுருங்கத் தொடங்கியிருந்தது.
இரண்டு சாக்கையும் சேர்த்தால்
பன்றி நுழையாமல்
காட்டுப் பக்கம் ஒரு வரி அடைக்கலாம்,
நடுவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.
முதலில் பன்றி வரட்டும்.